108-க்கு 109 ஆண்டுகளுக்கு முன்பே ஓடிய ஆம்புலன்ஸ் படை... ஸ்ட்ரெச்சர் தூக்கிய காந்தி, கூடவே நடந்த தமிழர்கள்!

காங்கேயம் என்றதும் காளை ஞாபகம் வரும். அடுத்து அரிசி ஆலை, கொப்பரைக் களம், தேங்காய் எண்ணெய். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். காங்கேயத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கோவை - திருச்சி சாலையும் ஈரோடு - தாராபுரம் சாலையும் சந்திக்கிற ஊர் இது. லாரி, பஸ், பனியன் கம்பெனி வேன், டூவீலர்னு ராத்திரி பகலா வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். வண்டி ஓடுகிற இடத்தில் விபத்தும் இருக்கும். விபத்து நடந்தால் 108 சைரனும் கேட்கும்.

அந்த வண்டிக்குள் இருப்பது ரெண்டே பேர். ஓட்டுபவரை 108 சேவையில் பைலட் என்கிறார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருபவர் மருத்துவ உதவியாளர், சுருக்கமாக இ.எம்.டி. டாக்டர் கையில் ஒப்படைக்கும் வரைக்கும் ஒரு உயிர் இவர் கையில்தான்.

சரி, இதுக்கும் மகாத்மா காந்திக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ம் தேதி. அதற்கு 109 ஆண்டுகள் முன்பு, 1899-ல், தென்னாப்பிரிக்காவில் 1,100 இந்தியர்கள் ஓர் ஆம்புலன்ஸ் படையாகத் திரண்டார்கள். அதைத் திரட்டிய 30 வயது வக்கீல்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. ஸ்ட்ரெச்சரைத் தோளில் ஏற்றியவர்களில் தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். உப்புச் சத்தியாகிரகம் எல்லாருக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சர் காந்தியைத் தெரியுமா? பார்க்கலாம்.

இ.எம்.டி-க்கு என்ன வேலை?

முதலில் இந்த வேலையைப் புரிந்துகொள்வோம். 12 மணி நேர ஷிஃப்ட். வந்ததும் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, எலும்பு முறிவுக்குக் கட்டும் ஸ்ப்ளின்ட் இருக்கா, பிரசவ கிட் பிரிக்காமல் இருக்கா என்று எல்லாத்தையும் சரிபார்க்க வேண்டும். சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருந்து அழைப்பு வந்ததும் வண்டி கிளம்பும்.

ஸ்பாட்டுக்குப் போனதும் மூச்சு வருதா, ரத்தம் எங்கே போகுது, நினைவு இருக்கா என்று பார்க்க வேண்டும். கழுத்து, முதுகு அசையாமல் தூக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். காங்கேயம் அரசு மருத்துவமனையே போதுமா, திருப்பூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகணுமா, இல்லை கோவைக்கே போயிடணுமா? அந்த ஒரு முடிவில்கூட ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கலாம். விபத்து மட்டும்தானா என்றால் இல்லை. நெஞ்சுவலி, பாம்புக்கடி, விஷம், பிரசவவலி, கொரோனா காலத்தில் தொற்று நோயாளிகள் என எல்லாத்துக்கும் இவர்தான் போக வேண்டும்.

மொத்தமாகச் சுருக்கினால் நாலு வேலை: காயத்தைப் பார்ப்பது, ஆளைத் தூக்குவது, வழியில் பிரசவம் பார்ப்பது, தொற்று இருக்கும் இடத்துக்குள் நுழைவது. இந்த நாலையும் காந்தி தன் வாழ்க்கையில் செய்திருக்கிறார்.

டாக்டர் ஆக ஆசைப்பட்ட பையன்

1869 அக்டோபர் 2-ம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தவர் காந்தி. அப்பா கரம்சந்த் நோயில் படுத்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகனுக்கு அதுதான் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மருந்து கலந்து கொடுப்பார், ராத்திரி கால் பிடித்து விடுவார். 1885-ல் ஒரு ராத்திரி, கால் பிடித்துக்கொண்டிருந்த காந்தியைச் சித்தப்பா வந்து அனுப்பிவைத்தார். அறைக்குப் போன சில நிமிடங்களில் அப்பா இறந்துவிட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனது காந்தியை வாழ்நாள் முழுக்க உறுத்தியது. சத்திய சோதனையில் அதை ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார்.

லண்டனுக்குப் படிக்கப் போகும் பேச்சு வந்தபோது அவர் கேட்டது மருத்துவப் படிப்பு. வைஷ்ணவக் குடும்பம், பிணத்தை அறுக்கிற படிப்பு வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் 1888-ல் சட்டம் படிக்கக் கப்பல் ஏறினார். படித்தது என்னவோ சட்டம்தான். ஆனா மருத்துவத்தின் மேல் இருந்த ஆசை கடைசிவரைக்கும் விடவில்லை.

ரத்தம் வடிய வந்த பாலசுந்தரம்

1893-ல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார் காந்தி. அங்கே நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். சென்னையில் இருந்து கிளம்பிய முதல் கப்பல் 1860 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் போனார்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏறியது சென்னைத் துறைமுகத்தில். அதாவது தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பாலசுந்தரம். 1894-ல் ஒரு நாள், கிழிந்த துணியோடும், முன்பல் ரெண்டு உடைந்து வாயில் ரத்தம் வடிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டும் காந்தி அலுவலகத்துக்கு வந்து நின்றார். முதலாளி அடித்திருக்கிறார். காந்திக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த தமிழர்தான் நடந்ததை எடுத்துச் சொன்னார்.

காந்தி என்ன செய்தார் என்பதைக் கவனிக்கணும். முதலில் டாக்டரிடம் அனுப்பினார். காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதற்கப்புறம்தான் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனார். இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர் காப்பி என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. முதலில் சிகிச்சை, கூடவே ஆவணம், பிறகு வழக்கு.

ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டு ஓடினால் அது குற்றம், ஜெயில்தான். அதனால் பாலசுந்தரத்தை வேறொரு முதலாளியிடம் சட்டப்படி மாற்றிக் கொடுத்தார். ஐரோப்பியர் முன்னால் தலைப்பாகையைக் கழற்றி நிற்க வேண்டிய அந்த மனிதரிடம், அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளவும் சொன்னார். இந்தச் சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது. தமிழ்த் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வக்கீல் பாதி நாள், கம்பவுண்டர் பாதி நாள்

டர்பனில் பார்ஸி ருஸ்தம்ஜி என்ற வியாபாரியின் பண உதவியோடு ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி தொடங்கியது. பொறுப்பில் இருந்தவர் டாக்டர் பூத். மருந்து கலந்து கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் காந்தியே போய் நின்றார். தினமும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நோயாளி சொல்வதைக் கேட்பது, டாக்டரிடம் விவரம் சொல்வது, மருந்து கொடுப்பது. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலித் தொழிலாளர்கள்.

இந்த ஆஸ்பத்திரி அனுபவம் இல்லாமல் இருந்திருந்தால், அடுத்து வந்த போரில் அவர் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1,100 பேர்... சைரன் இல்லாத ஆம்புலன்ஸ்

1899 அக்டோபரில் போயர் போர் வெடித்தது. ஒரு பக்கம் பிரிட்டிஷார், இன்னொரு பக்கம் டச்சு வம்சாவளி போயர்கள். காந்திக்கு மனசளவில் போயர்கள் மேல்தான் அனுதாபம். ஆனா பிரிட்டிஷ் குடிமக்களாக உரிமை கேட்கிறோம் என்றால் கடமையும் செய்தாக வேண்டும் என்று அப்போது நம்பினார். காயம்பட்டவர்களைத் தூக்கும் பணிக்கு இந்தியர்கள் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்.

முதலில் அரசு வேண்டாம் என்றது. இந்தியர்கள் கோழைகள், காசைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவர்கள் என்று வெள்ளையர்களிடம் ஒரு பேச்சு இருந்த காலம் அது. காந்தியும் நண்பர்களும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் பூத்திடம் முறையாகப் பயிற்சி எடுத்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழும் வாங்கி வைத்தார்கள். போரில் அடி மேல் அடி விழ, ஆள் தட்டுப்பாடு வந்தது. அரசு இறங்கி வந்தது.

படையில் மொத்தம் சுமார் 1,100 பேர். இதில் 300 பேர் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் தோட்டங்களில் இருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். சுமார் 40 பேர் தலைவர்கள், இவர்கள் சம்பளம் வாங்கவில்லை. டாக்டர் பூத்தும் கூடவே வந்தார்.

1899 டிசம்பர் 15, கொலென்சோ சண்டை. பிரிட்டிஷ் படைக்குப் பெரிய தோல்வி. காயம்பட்டவர்களைக் களத்தில் இருந்து தூக்கி, மைல் கணக்கில் நடந்து முகாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள். தளபதி லார்ட் ராபர்ட்ஸின் மகன் லெப்டினன்ட் ராபர்ட்ஸ் இந்தச் சண்டையில்தான் உயிர்போகும் காயம்பட்டார். அவரையும் இந்தப் படையினர் சுமந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் எல்லாருக்கும் தாகம். வழியில் ஒரு சின்ன ஓடை வந்தது. நீங்க முதலில் குடிங்க என்று இந்தியர்கள் சொல்ல, இல்லை நீங்க குடிங்க என்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சொல்ல, கொஞ்ச நேரம் அங்கே யார் முதலில் குடிப்பது என்று ஒரு இனிமையான போட்டியே நடந்ததாகக் காந்தி நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஸ்பியன் கோப்: கோட்டைத் தாண்டியது ஏன்?

இந்தப் படைக்கு ஒரு விதி இருந்தது. துப்பாக்கிச் சூடு எல்லைக்குள் இவர்கள் போகத் தேவையில்லை. ஒப்பந்தமே அப்படித்தான்.

1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் என்ற மலையில் சண்டை நடந்தது. உச்சியில் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தார்கள். கட்டாயமில்லை, ஆனால் எல்லைக்குள் வந்து தூக்கினால் நன்றியோடு இருப்போம் என்று ஜெனரல் புல்லர் தரப்பில் இருந்து சேதி வந்தது. ஒருத்தரும் பின்வாங்கவில்லை. அந்த நாட்களில் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்திருக்கிறார்கள்.

20 மைல் என்றால் 32 கிலோமீட்டர். காங்கேயத்தில் இருந்து தாராபுரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஸ்ட்ரெச்சர், மேலே வலியில் துடிக்கிற மனிதர், கீழே கல்லும் மேடும். கொஞ்சம் குலுங்கினாலும் உடைந்த எலும்பு உள்ளே குத்தும். தலையில் அடிபட்ட ஜெனரல் உட்கேட்டை இவர்கள் சுமந்தபோது, வழியிலேயே உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் வேகமாகவும் நடக்கணும், குலுக்காமலும் நடக்கணும். இன்றைக்குக் குண்டும் குழியுமான ரோட்டில் 108 பைலட்டுக்கு இருக்கிற அதே சிக்கல்.

ஒரு சுவாரஸ்யமான தகவல். இதே ஸ்பியன் கோப் மலைப்பகுதியில் வின்ஸ்டன் சர்ச்சிலும் இருந்தார். பின்னாளில் நேருக்கு நேர் மோதப்போகிற இருவர் ஒரே களத்தில், ஒரே பக்கத்தில்! லிவர்பூல் கால்பந்து மைதானத்தின் புகழ்பெற்ற கோப் கேலரிக்குப் பெயர் வந்ததும் இந்த மலையில் இருந்துதான்.

பதக்கம் யாருக்கு?

சுமார் ஆறு வாரத்தில் படை கலைக்கப்பட்டது. பத்திரிகைகள் பாராட்டின. தலைவர்களில் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது, காந்திக்கும் சேர்த்து.

தோட்டத்தில் இருந்து வந்த நூற்றுக்கணக்கான கூலிகள்? அவர்கள் திரும்பவும் கரும்புக்கே போனார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுண்ட் தலைவரி கட்டணும். அந்த வரி போன பிறகும் இருந்தது. ரத்தம் காயாத தோளோடு வந்தவர்களுக்கு எந்தச் சலுகையும் இல்லை. அந்த 3 பவுண்ட் வரி ஒழிந்தது 1914-ல். அதற்கு 1913-ல் ஒரு பெரிய வேலைநிறுத்தமும், தில்லையாடி வள்ளியம்மை போன்றவர்களின் உயிரும் தேவைப்பட்டது.

டாக்டர் வரலை... பிரசவம் பார்த்த காந்தி

படை கலைந்த சில மாதங்களில், 1900 மே 22-ம் தேதி, டர்பனில் கஸ்தூரிபாவுக்குத் திடீரென்று பிரசவ வலி. டாக்டர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிட ஆள் போயும் நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் காந்தியே பிரசவம் பார்த்தார். பிறந்தவர் கடைசி மகன் தேவதாஸ், பின்னாளில் ராஜாஜியின் மருமகன்.

அவர் பதறாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தாய்சேய் பராமரிப்பு பற்றிய ஒரு குஜராத்திப் புத்தகத்தை முன்பே கவனமாகப் படித்து வைத்திருந்தார். ஓடும் வண்டியில் பிரசவம் பார்க்கிற இ.எம்.டி-க்களும் பயிற்சியில் பல முறை செய்து பார்த்ததைத்தான் அந்த நேரத்தில் செய்கிறார்கள். தைரியம்னு நாம சொல்றதுல பாதி, முன்கூட்டியே கத்துக்கிட்டதுதான்.

பூட்டை உடைத்து ஒரு ஆஸ்பத்திரி

1904 மார்ச், ஜோகன்னஸ்பர்க். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இந்தியர்களுக்கு நுரையீரல் பிளேக். 23 பேர் நோயோடு இந்தியர் குடியிருப்புக்குத் திரும்பினார்கள். சேதி கிடைத்ததும் காந்தி சைக்கிளில் கிளம்பினார். அதற்குள் அவர் நண்பர் மதன்ஜித் ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்து எல்லாரையும் உள்ளே படுக்க வைத்திருந்தார். டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே ஓடி வந்தார். காந்தியின் அலுவலக இளைஞர்கள் நாலு பேரும் வந்து நின்றார்கள். ராத்திரி முழுக்க மருந்து கொடுப்பது, படுக்கையைச் சுத்தம் செய்வது, தைரியம் சொல்வது.

மறுநாள் நகராட்சி ஒரு பழைய கிடங்கைக் கொடுத்தது, ஒரு நர்ஸையும் அனுப்பியது. முடிவு சோகம்தான். இருவரைத் தவிர மற்றவர்கள் பிழைக்கவில்லை. அந்த நர்ஸும் தொற்றுக்குப் பலியானார். கொரோனா காலத்தில் பி.பி.இ கிட் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போன 108 ஊழியர்களைப் பார்த்த நமக்கு, எந்தப் பாதுகாப்பும் இல்லாத அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1906: யாருடைய காயம்?

காந்தி வாழ்க்கையில் இன்றைக்கும் விவாதிக்கப்படுகிற பகுதி இது. 1906-ல் தலைவரிக்கு எதிராக நேட்டாலில் ஜூலு மக்கள் எழுந்தார்கள். பம்பாதா கிளர்ச்சி என்று பெயர். அரசு அதைக் கொடூரமாக ஒடுக்கியது. காந்தி மறுபடியும் அரசுக்காக ஆம்புலன்ஸ் படை கொண்டு போனார். இந்த முறை 24 பேர். குஜராத்திகள் நாலு பேர், ஒரு பதான், மற்ற எல்லாரும் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியர்கள். காந்திக்கு சார்ஜென்ட் மேஜர் பதவி.

போய்ப் பார்த்தால் அங்கே போரே இல்லை. கிடந்தவர்கள் பெரும்பாலும் ஜூலுக்கள். சவுக்கடி வாங்கி, பல நாள் கவனிப்பில்லாமல் புண் சீழ் பிடித்துக் கிடந்தார்கள். வெள்ளையர்கள் அவர்களுக்குச் சிகிச்சை செய்ய முன்வரவில்லை. இந்தியர்கள் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். சில நாட்களில் 40 மைல்கூட நடக்க வேண்டியிருந்தது.

அடக்குமுறை செய்த அரசின் சீருடையைப் போட்டது தவறு, அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கர்களைப் பற்றிய காந்தியின் பார்வையும் தவறு என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் விமர்சிக்கிறார்கள். அது நியாயமான விமர்சனம். கூடவே இன்னொன்றும் நடந்தது. அந்த நீண்ட நடைகளில்தான் தன் வாழ்க்கையை முழுசாகப் பொதுப்பணிக்குக் கொடுப்பது என்று அவர் முடிவெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் சத்தியாகிரகத்துக்கு விதை விழுந்தது.

திருப்பிக் கொடுத்த பதக்கங்கள்

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கிய கையோடு காந்தி லண்டன் வந்து சேர்ந்தார். அங்கேயும் இந்தியர்களைச் சேர்த்து முதலுதவிப் படிப்பு. சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் கான்ட்லி. ஆறு வாரப் பயிற்சி, கடைசியில் தேர்வு. நுரையீரல் உறை அழற்சி வந்து காந்தி இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு எல்லாம் மாறியது. 1920 ஆகஸ்டில் போயர் போர்ப் பதக்கம், ஜூலு போர்ப் பதக்கம், கைசர்-இ-ஹிந்த் மூன்றையும் அரசிடமே திருப்பிக் கொடுத்தார். 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்கே எமர்ஜென்சி. குடல்வால் அழற்சி. புனே சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடக்கும்போது கரன்ட் போய்விட, விளக்கு வெளிச்சத்தில் முடித்தார் கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேய டாக்டர். 1948 ஜனவரி 30-ல் டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொங்கு மண்ணிலும் ஒரு காயம்

காந்தியின் அழைப்பை ஏற்றுத் தெருவில் இறங்கிய ஒருவர் காங்கேயத்துக்குப் பக்கத்து ஊரான சென்னிமலைக்காரர். 1932 ஜனவரி 10, திருப்பூரில் ஊர்வலம். தடியடியில் மண்டை உடைந்து, கொடியைப் பிடித்தபடியே விழுந்தார் திருப்பூர் குமரன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 27. தலையில் அடிபட்டவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறோம். அந்த நிமிஷங்களைக் காப்பாற்ற அன்றைக்கு ஒரு ஏற்பாடும் இல்லை.

இப்போ நீங்க என்ன செய்யணும்?

1897 ஜனவரியில் டர்பன் தெருவில் ஒரு கும்பல் காந்தியை அடித்து வீழ்த்தியபோது, அந்த வழியாக வந்த போலீஸ் அதிகாரியின் மனைவி அலெக்ஸாண்டர் அம்மையார் தன் குடையை விரித்து நடுவில் நின்றார். அவர் நின்றதால்தான் காந்தி பிழைத்தார். அவர் டாக்டரும் இல்லை, போலீஸும் இல்லை, வழிப்போக்கர். விபத்து நடந்த இடத்தில் முதலில் இருப்பதும் நாம்தான். அதனால் இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* 108-க்கு உடனே கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. ஊர் பெயரோடு பக்கத்தில் இருக்கும் மில், கோயில், பஸ் ஸ்டாப் என அடையாளம் சொல்லுங்கள்.
* தீ, ஓடும் வண்டி போன்ற ஆபத்து இல்லை என்றால் அடிபட்டவரை இழுக்கவோ தூக்கி உட்கார வைக்கவோ வேண்டாம். கழுத்து எலும்பில் அடி இருக்கலாம்.
* ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.
* மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
* போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம் வேண்டாம். உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. பெயர் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.
* பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு.
* சைரன் கேட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். உள்ளே ரெண்டு பேர் ஒரு உயிரோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.